கண் மூடினால் வரும் ஃபைல்கள்

ஜூன் 6

மேகக்காரிக்கு,

நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டே மாதங்களை ஓட்டிவிட்டோம். இப்போது நான் எழுதுவதால் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டர் சரியில்லை. நாத்தனார் அதையே படித்தவளாக இருக்கும்போது கடைக்கு எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று உன் அண்ணன் கேட்டார். கேட்டார் என்றா எழுதினேன்? சீட்டில் எழுதிக் காட்டினார்.

இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. முணுமுணுக்கக்கூடக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. தான் பேசினால் எனக்கும் பேச வாய் ஊறும் என்று உன் அண்ணன் வாசற்படி தாண்டியதும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்கிறார். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செட் செய்து மாட்டிவிட்டுத் தன் வாயை மூடிக்கொண்டு வீடு வருகிற மனிதரை நீ பார்த்திருக்க மாட்டாய். வீடு குளத்துக்கு அடியில் இருப்பது போல இருக்கிறது. தம்ளர் வைக்கிற சத்தம்கூட மிதந்துதான் வந்து சேர்கிறது.

என் குரல் மட்டும் ரயில் நிலையத்துக்கு வேலைக்குப் போய் வருகிறது. பழைய பதிவுகளை ஓடவிட்டுச் சமாளிக்கிறார்கள். ஒரு நாள் போய் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று நானே எனக்குச் சொன்னேன். சொன்னபடி வண்டியும் வந்தது. ஏறிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது.

சரி, விஷயம். நிலையத்துக்கான அறிவிப்பு வாசகங்களை வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கிறேன். சில நாட்களாகக் கம்ப்யூட்டர், இடம் போதவில்லை, இடம் போதவில்லை என்று மூக்கால் அழுகிறது. துழாவிப் பார்த்தால் ஒரு ஃபோல்டர் முழுக்க அடையாளம் தெரியாத ஃபைல்கள். எல்லாம் அலை மாதிரி ஒரு குறியில் தொடங்குகின்றன, பிறகு வெறும் எண்கள். திறந்தால் திறக்கவில்லை. மொத்தமாக அழித்தேன். மறுநாள் கோரைப்புல் மாதிரி திரும்ப முளைத்திருந்தன.

என்ன செய்யட்டும்? விஷயத்தை மட்டும் எழுது. அறிவுரை வேண்டாம். உன் அறிவுரையைக் கேட்டுத்தான் கழுத்தை நீட்டினேன், நிஜமாகவே நீட்டினேன்.

அண்ணி


ஜூன் 19

அண்ணிக்கு,

சரக்குப் படகு வந்தபோது உங்கள் கையெழுத்தைப் பார்த்து, கெட்ட செய்தியோ என்று பயந்து, கவரைக் கிழிக்காமல் வைத்திருந்து, மாலையில் வானிலைப் பலூன் விட்ட பிறகுதான் படித்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு.

ஆபரேஷனுக்கு முதல் நாள் நாம் இந்தத் தீவின் ஒயர்லெஸ்ஸில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? "தள்ளிப்போடாதீங்க அண்ணி, செஞ்சுக்கோங்க" என்றேன். "கடலுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு யோசனை சொல்றது ரொம்ப சுலபம். வை போனை" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குச் சொந்தப் பேச்சு பேச அனுமதி உண்டு. நான் அந்த அறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். யாரைக் கூப்பிடுவது? நீங்கள் பேசக் கூடாது. அண்ணனோ, பேசுகிற காலத்திலேயே போனில் "ம்" மட்டும் சொல்கிற ஆள். உங்கள் குரல் திரும்பி வராமலே போனால் எனக்கென்று மிஞ்சுவது "வை போனை" மட்டும்தான். இதை எழுதிவிட வேண்டும் போல் இருந்தது, எழுதிவிட்டேன்.

இனி விஷயம். அவற்றை டெம்ப் ஃபைல் என்பார்கள். தற்காலிகக் கோப்பு. சமையலறையில் ஒரு காரியத்துக்குப் பாத்திரம் எடுக்கிறோம், முடிந்ததும் கழுவிக் கவிழ்க்கிறோம் இல்லையா? புரோகிராம்களும் அப்படித்தான் வேலைக்கு ஒரு ஃபைலை எடுக்கும், முடிந்ததும் அதுவே அழித்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று பாத்திரத்தை எடுத்துப் புழங்கிவிட்டுக் கழுவாமல் போட்டுவிட்டுப் போகிறது. தொட்டியில் கிடப்பதை நீங்கள் அள்ளி அள்ளிப் போட்டால் தீராது. போடுகிற ஆளைப் பிடிக்க வேண்டும்.

கொஞ்ச நாள் எதையும் அழிக்காதீர்கள். ஃபைல்களை உருவான நேரப்படி அடுக்கிப் பாருங்கள். எந்த வேளையில் வருகின்றன, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கவனியுங்கள். சந்தேகப்படுகிற புரோகிராமை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். ஒரே சமயத்தில் நாலை மூடினால் திருடன் எவன் என்று தெரியாமல் போய்விடும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. தினமும் ஒரு வெள்ளைப் பலூனை மேலே அனுப்புகிறேன். அது மேகத்துக்குள் நுழைந்து காணாமல் போன பிறகும் வெகுநேரம் எனக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


ஜூலை 2

மேகக்காரிக்கு,

"வை போனை" என்றது கோபத்தில் இல்லை, பயத்தில். அதோடு அதை விடு.

நீ சொன்னபடி அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் மத்தியான வேளையில் வருகின்றன. காலையில் ஒன்றுகூட இல்லை. என் முதல் சந்தேகம் உன் அண்ணன் மேல்தான். அவர் சதுரங்கம் ஆடுகிற புரோகிராம் ஒன்று வைத்திருக்கிறார். மத்தியானம் அவர் பட்டறையில் இருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. ஆளைப் பிடித்துவிட்டேன் என்று அதை அடியோடு எடுத்துவிட்டேன். பாதி ஆட்டத்தில் ராணி உயிரோடு இருந்தாளாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பேசாமல் இருப்பவர் கோபித்துக்கொண்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறாயா? சீட்டில் எழுதும்போது பேனாவை அழுத்துகிறார். எத்தைத் தின்றால் பித்தம் தெளியும் என்று நானும் பிரிண்டரைப் பிடுங்கினேன், அகராதியை மூடினேன், கடிகாரத்தை மாற்றினேன். ஃபைல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இனி எழுதுவதைப் படித்துச் சிரிக்காதே. நான் பார்த்துக்கொண்டிருந்தால் அவை வருவதில்லை.

மத்தியானம் டைப் செய்துகொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடுகிறது. ஜன்னலைச் சாத்தி, பச்சைத் திரைச்சீலையை இழுத்துவிட்டால் அறையே பச்சையாக ஆகிவிடும். மேசையிலேயே தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். எழுந்து பார்த்தால் ஃபைல்கள் இருக்கின்றன. வேண்டுமென்றே ஒரு நாள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். ஒன்று வர வேண்டுமே! மறுநாள் தூங்கினேன். வந்துவிட்டன. நான் கண் மூடுவதற்காகவே காத்திருக்கிறது இந்தக் கம்ப்யூட்டர். அதுவும் என்னோடு சேர்ந்து படுத்துக் கனவு காண்கிறதோ என்று தோன்றுகிறது. அப்படியானால் அந்த ஃபைல்கள் எல்லாம் அது கண்ட கனவுகள். திறக்க முடியாததில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. நிலையத்தில் நடைமேடைகளை மாற்றிக் கட்டுகிறார்கள், வண்டி நேரங்களும் மாறுகின்றன. செப்டம்பர் கடைசிக்குள் எல்லா அறிவிப்புகளையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். "நீங்க வந்தா நீங்க, இல்லேன்னா வேற ஒருத்தரைப் பாத்துக்கறோம் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று நிலைய அதிகாரி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். நான் தலையை ஆட்டினேன். அவருக்கு அது சரியென்று பட்டதா, முடியாதென்று பட்டதா, தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

அண்ணி


ஜூலை 17

அண்ணிக்கு,

சிரிக்கவில்லை. ஒயர்லெஸ்காரரிடம் சொன்னேன், அவர்தான் சிரித்தார். "உங்க அண்ணி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெக்கம் அதிகம் போல" என்றார்.

அண்ணனின் ராணியைக் கொன்றதற்கு என் அனுதாபங்கள். மத்தியானம் வீட்டில் இல்லாத ஆள்மேல் பழி போட அண்ணிகளால்தான் முடியும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன், உப்புக் காற்று படாமல் இரண்டு கவர் சுற்றியிருக்கிறது. அதில் வாட்ச்மேன் மாதிரி ஒரு சின்ன புரோகிராம். எந்த ஃபைல் பிறந்தாலும், எத்தனை மணிக்கு, எந்தப் புரோகிராமின் கையால் பிறந்தது என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போகும். நீங்கள் விழித்திருக்க வேண்டாம். அதை ஓடவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். எழுந்ததும் அலைக்குறி போட்ட ஃபைலுக்குப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். வரிகள் நிறைய ஓடும், பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் சும்மா இருப்பதாக நாம் நினைக்கும்போதுதான் அதற்கு ஆயிரம் வேலை.

செப்டம்பர் விஷயம் படித்தேன். டாக்டர் என்ன சொல்கிறார்? எப்போது பேசலாமாம்? நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அறிவுரை இல்லை, கேள்விதான்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 30

மேகக்காரிக்கு,

பிடித்துவிட்டேன்!

உன் வாட்ச்மேனை ஓடவிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால் திரை முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி வரிகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். அலைக்குறி போட்டவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே பெயர்தான். செவி. நான் இப்படி ஒரு புரோகிராமைக் கேள்விப்பட்டதே இல்லை. உன் அண்ணனிடம் எழுதிக் கேட்டேன். அவர் திரையின் கீழ் மூலையில் விரலை வைத்தார். அங்கே குட்டியாக ஒரு படம் எப்போதும் இருக்கும். இத்தனை காலமும் அது நத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு முடிவு. கிட்டே போய்ப் பார்த்தால் காது!

அது யார் வீட்டுக் காது? இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறது? உன் அண்ணன், உன் பெயரை எழுதிக் கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார்.

டாக்டரைப் பற்றிக் கேட்டாய். பொறுமையாக இருக்கச் சொல்கிறார்.

அண்ணி


ஆகஸ்ட் 14

அண்ணிக்கு,

வேலியில் போன ஓணானை மடியில் கட்டியது நான்தான்.

போன வருடம் லீவில் வந்தபோது அண்ணன் ஒற்றை விரலால் ஆர்டர் கடிதம் டைப் செய்வதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. பேசினால் எழுதிக்கொள்ளும் புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதுதான் செவி. அவரை மைக் முன்னால் உட்கார வைத்து, ஒரு பக்கம் வாசிக்க வைத்து, அவர் குரலை அதற்குப் பழக்கினேன். கொஞ்ச நாள் "மேல் வரிசை, கடைவாய் இரண்டு" என்று அவர் சொல்லச் சொல்ல அது எழுதிக் கொடுத்திருக்கும். நீங்கள் அப்போது முழு நேரமும் நிலையத்தில் இருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கும் மறந்தே போனது. ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன், திருடன் என் சட்டைப் பையில்.

அது எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். மைக்குக்கு அருகில் மனிதக் குரல் கேட்டால் விழித்துக்கொள்ளும். தெருச் சத்தம், கதவுச் சத்தம், மின்விசிறி எதற்கும் அசையாது. குரல் கேட்டால் மட்டும் உடனே ஒரு டெம்ப் ஃபைல் எடுத்து அதில் பதிந்துகொள்ளும். அது அண்ணன் குரலாக இருந்தால் எழுத்தாக்கிவிட்டு ஃபைலை அழித்துவிடும். வேறு குரலாக இருந்தால் அதற்கு என்ன செய்வது என்று தெரியாது. எழுதவும் மாட்டாது, அழிக்கவும் மாட்டாது. அப்படியே வைத்துவிடும்.

பூட்டிய வீடு. அண்ணன் பட்டறையில். மத்தியானம்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. எழுத மாட்டேன், நானாகச் சொல்லிக் கெடுக்க விருப்பமில்லை. ஒரு ஃபைலை எடுத்து, நீங்கள் நிலையப் பதிவுகளைப் போட்டுக் கேட்பீர்களே, அந்தப் பாட்டுப் பெட்டி புரோகிராமுக்குள் இழுத்து விடுங்கள். திறந்துகொள்ளும். தனியாகக் கேட்காதீர்கள், அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 24

அன்புள்ள மேகக்காரிக்கு,

உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் உன் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்று ஞாயிறு, உன் அண்ணனை உட்கார வைத்து ஒரு ஃபைலை இழுத்து விட்டேன்.

நான்தான். தூங்கிக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் மூச்சுச் சத்தம். பிறகு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் வெகு தெளிவாக, "தீவுக்குச் செல்லும் வண்டி நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படும்." எங்கள் நிலையத்தில் மூன்றுதான் இருக்கின்றன. "அலை அதிகமாக இருப்பதால் வண்டி தாமதமாக வரும். தடங்கலுக்கு வருந்துகிறோம்." அந்தக் கனவு எனக்குக் கொஞ்சம்கூட நினைவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போது தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் இருப்பது தெரிந்தது. வண்டி சத்தமே இல்லாமல் தண்ணீர்மேல் வருவதும் தெரிந்தது. இன்னொரு ஃபைலில் உன் அண்ணனைத் திட்டுகிறேன், என்ன தப்பு செய்தார் என்று புரியவில்லை. இன்னொன்றில் சும்மா சிரிக்கிறேன்.

அது என் பழைய குரல் இல்லை. இரண்டு படி கீழே இறங்கியிருக்கிறது. ஓரத்தில் ஒரு கரகரப்பு, கழுவின தரையில் நாற்காலி இழுக்கிற மாதிரி. ஆனாலும் நான்தான். எனக்கு ஓர் அக்கா இருந்திருந்தால் அவளுக்கு அப்படி இருந்திருக்கும்.

உன் அண்ணன் எழுந்து போய், கழுவி வைத்திருந்த தம்ளர்களை எல்லாம் திரும்பவும் கழுவினார்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்கிறேன், திட்டு. பேசலாம் என்று டாக்டர் ஜூன் மாதமே சொல்லிவிட்டார். புண் ஆறிவிட்டது, இனி பேசினால்தான் நல்லது என்றார். அவர் எதிரிலேயே வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அது. வீட்டுக்கு வந்து, இன்னும் பேசக் கூடாதாம் என்று உன் அண்ணனுக்கு எழுதிக் காட்டினேன். அவர் நம்பினார், பாவம். அன்றிலிருந்து தினம் ஒரு பொய்யை மூடி மூடி வைத்தேன். வாயைத் திறந்து மறுபடியும் காற்று வந்தால், இனி காற்றுதான் என்று ஆகிவிடும். திறக்காத வரைக்கும் குரல் உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம் இல்லையா?

எல்லாவற்றையும் கேட்ட பிறகு விழித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. தூக்கத்தில் இருப்பவளுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை.

செப்டம்பர் நெருங்கிவிட்டது.

அண்ணி


செப்டம்பர் 5

அண்ணி,

இதைப் படகு கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன், கோபமும் அவசரமும் சேர்ந்திருக்கிறது.

ஜூன் மாதமே! நான் இங்கே ஒவ்வொரு மாலையும் பலூனைக் கையில் பிடித்துக்கொண்டு, என் பேச்சைக் கேட்டுத்தானே கழுத்தைக் கொடுத்தார், குரல் போய்விட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெந்துகொண்டிருக்கிறேன். நீங்களோ, பொறுமையாக இருக்கச் சொன்னார் டாக்டர் என்று ஒற்றை வரி எழுதுகிறீர்கள். அண்ணன் இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது எதற்காக? நன்றாக இருக்கிறது உங்கள் குடும்பம். என் குடும்பமும் அதுதான், அதுதான் தொல்லை.

திட்டி முடித்துவிட்டேன். இப்போது கம்ப்யூட்டர்காரியாகப் பேசுகிறேன்.

செவியை நிறுத்த வேண்டுமானால் அந்தக் காதின்மேல் அழுத்தி மூடிவிடலாம், ஃபைல்கள் வராது. நீங்கள் கேட்டது அதுதான், உங்கள் வேலை முடிந்தது. ஆனால் நிறுத்தாதீர்கள். வாட்ச்மேனைத் திரையில் ஓடவிட்டுக்கொண்டு, அண்ணன் வீட்டில் இல்லாதபோது, மைக் முன்னால் விழித்துக்கொண்டு உட்காருங்கள். ஒரே ஒரு ஃபைல் உண்டாக்குங்கள். காற்று வந்தாலும் பரவாயில்லை, தவளைச் சத்தம் வந்தாலும் பரவாயில்லை. உடனே அழித்துவிடுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை. செவிக்கும் உங்கள் குரல் புரியாது, அது எதையும் எழுதி வைக்காது.

அதற்குப் பெயரே தற்காலிகம் அண்ணி. எல்லாவற்றையும் வண்டி அறிவிப்பு மாதிரி ஊர் முழுக்கக் கேட்கத்தான் பேச வேண்டும் என்று யார் சொன்னது? அழித்துப்போடுவதற்காகவும் கொஞ்சம் பேசலாம்.

படகுக்காரர் கத்துகிறார்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 21

என் மேகக்காரிக்கு,

நீ திட்டியதைப் படித்து ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அப்புறம் நீ சொன்னதைச் செய்தேன். மத்தியானம், ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன், அதே பச்சை வெளிச்சம். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தூங்கவில்லை. மைக்கிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிலையத்தில் சோதித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி "ஒன்று" என்றேன். காற்று. "இரண்டு." காற்று. வாட்ச்மேன் பாட்டுக்கு வேறு எதை எதையோ குறித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையோடு "மூன்று" என்றேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஓர் அலைக்குறி முளைத்தது.

குரல் என் காதில் விழவே இல்லையடி. திரையில் பார்த்த பிறகுதான், குரல் வந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்தேன். மறுநாளும் பேசினேன், அழித்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். உன்னைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், நான்காவது நடைமேடைக்கு வண்டிகளை வரவழைத்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். அழிக்க அழிக்கப் பயமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

உன் அண்ணனிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் பெரிய நாடகமே போட்டு வைத்திருந்தேன். நடந்தது வேறு. காலையில் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டார். "ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ எங்க சொன்ன? மாசக்கணக்கா சொல்லவே இல்லையே" என்றார்.

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. எனக்கு இல்லை, அவருக்கு. பட்டறையில் யார் வாயில் எந்தப் பல் உட்காரவில்லை என்பது வரை பேசுகிறார். பேசிக்கொண்டே சாப்பிடுகிறார், பேசிக்கொண்டே தூங்குகிறார். ஜூன் மாதப் பொய்யைச் சொன்னேன். "எனக்கும் அந்த அமைதி கொஞ்சம் பிடிச்சுதான் இருந்துச்சு" என்றார். அதில் எனக்குக் கோபமா, சந்தோஷமா, இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்று நிலையத்துக்குப் போனேன். அதிகாரி நான் ஒரு வரி வாசித்ததும் நிமிர்ந்து பார்த்தார். "குரல் மாறியிருக்கே மேடம்." "வண்டி நேரமும்தான் மாறியிருக்கு சார்" என்றேன். சிரித்துவிட்டார். "சரி, ஆரம்பிங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். இரண்டாம் நடைமேடைக்கான அறிவிப்புகள் முடிந்துவிட்டன, மற்றவை இனிமேல்தான். வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் நடைமேடையில் பழைய நான் பேசினேன், இரண்டாம் நடைமேடையில் புது நான் பேசினேன். ஒருத்தி ஒரு வண்டியை அனுப்ப, இன்னொருத்தி ஒரு வண்டியை வரவேற்றாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் சரியான வண்டியில் ஏறிப் போனார்கள்.

அக்டோபர் முதல் ஞாயிறு அந்த ஒயர்லெஸ் அறையில் இரு. நான் கூப்பிடுகிறேன். சண்டை பாக்கி இருக்கிறது.

அண்ணி


அக்டோபர் 6

அண்ணிக்கு,

நேற்று விடிந்ததிலிருந்து அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒயர்லெஸ்காரர் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். கடலில் மழை கட்டியிருந்தது, இரைச்சல் அதிகமாக இருக்கும் என்று எச்சரித்தார். வெகுநேரம் வெறும் இரைச்சல்தான். பிறகு அதற்குள்ளிருந்து, "என்னடி, அங்க மழையா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் எழுதியது சரி. இரண்டு படி கீழே. ஓரத்தில் கரகரப்பு.

"ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்றீர்கள். "ஏய், உன்னத்தான்" என்றீர்கள். அண்ணனிடம் திரும்பி, "மழையில லைன் கட்டாயிடுச்சு போலிருக்குங்க" என்று சொன்னது கேட்டது. அண்ணன் பின்னாலிருந்து ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டே இருந்ததும் கேட்டது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டீர்கள்.

லைன் கட்டாகவில்லை அண்ணி. ஒரு சொல் விடாமல் கேட்டது. நான்தான் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு விம்மிக்கொண்டு நின்றேன். ஒயர்லெஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார்.

அடுத்த மாதமும் கூப்பிடுங்கள். நான் ஒன்றும் பேசாவிட்டாலும் நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். வைத்துவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்